எண்ணூர்ச் சேற்றைப் படிப்பது எப்படி? பழைய சதுப்பு நிலங்களைக் கண்டறியும் முறை: ஓர் எளிய அறிமுகம்

எண்ணூர், மணலி, அத்திப்பட்டுப் பக்கம் தாழ்வான இடத்தில் அஸ்திவாரத்துக்கு ஆழமாகத் தோண்டினால், கொட்டி நிரப்பிய மண்ணையும் மணலையும் தாண்டியதும் பல இடங்களில் கருப்புச் சேறு வரும். கையில் அப்பிக்கொள்ளும், அழுகிய முட்டை நாற்றம் அடிக்கும். சிப்பித் துண்டுகள் கிடக்கும், சில சமயம் வேர்த்துணுக்கும் இலை நாரும் தட்டுப்படும். கட்டடம் கட்டுகிறவர்களுக்கு இது தலைவலி பிடித்த மண். பாரம் தாங்காது, அமுங்கும். பைல் இறக்கி அதைக் கடந்து கீழே போய்விடுவார்கள்.

அந்தச் சேறு படிந்த காலத்தில் இங்கே என்ன இருந்தது? அலையாத்தி எனப்படும் கண்டல் காடா, உமரி மட்டும் முளைக்கும் உப்புத்தரையா, ஆம்பல் பூத்த நன்னீர்க் குட்டையா? கடல் எவ்வளவு தூரத்தில் இருந்தது? மழை அதிகமா, குறைவா? சேற்றுக்குள் மிஞ்சியிருக்கும் செடித் துணுக்குகளையும் வேதிப்பொருள்களையும் வைத்தே இவற்றுக்குப் பதில் தேட முடியும். நூறு ஆண்டுகளுக்கும் மேலாக வளர்ந்துவந்த அறிவியல் இது.

முதலிலேயே என் கருத்தைச் சொல்லிவிடுகிறேன். கருவி எவ்வளவு நுட்பமானதாக இருந்தாலும், இன்றைய சதுப்பு நிலத்தை எந்த அளவுக்குத் தெரிந்து வைத்திருக்கிறோமோ அந்த அளவுக்குத்தான் பழைய சதுப்பு நிலத்தைப் படிக்க முடியும். ஏன் என்பது போகப் போகப் புரியும்.

மக்காத செடிகள்

செடி செத்தால் மக்கிப் போகும். பூஞ்சைகளும் பாக்டீரியாக்களும் அதைத் தின்று தீர்க்கும். அதற்கு அவற்றுக்கு ஆக்சிஜன் வேண்டும். ஆண்டு முழுக்க நீர் தேங்கி நிற்கும் தரையில் ஆக்சிஜன் உள்ளே போவது மிகக் குறைவு. மாங்காய் ஊறுகாய்க்கு மேலே எண்ணெய் மிதக்க வேண்டும் என்று வீட்டில் சொல்வார்கள் இல்லையா, காற்று பட்டால் பூஞ்சை பிடித்துவிடும் என்பதால்தான். சதுப்பு நிலத்தில் அந்த எண்ணெயின் வேலையைத் தேங்கிய நீர் செய்கிறது. இலையும் வேரும் பாதி மக்கியும் மக்காமலும் ஒன்றன்மேல் ஒன்றாகப் படிகின்றன. இப்படிச் சேர்ந்த மண்ணைத்தான் பீட் என்கிறார்கள்.

பீட் மிக மெதுவாக வளரும். பெரும்பாலான இடங்களில் ஆண்டுக்கு ஒரு மில்லிமீட்டர், அல்லது அதற்கும் குறைவு. ஆக ஒரு மீட்டர் பீட் என்றால் ஆயிரம் ஆண்டுகளோ அதற்கும் மேலோ. உலகின் நிலப்பரப்பில் ஏறத்தாழ 3 சதவீதம்தான் பீட் நிலம். ஆனாலும் உலகத்துக் காடுகளில் நிற்கும் மரம் செடி எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்தாலும், அவற்றைவிட அதிகக் கார்பன் இந்த 3 சதவீதத்துக்குள் அடைபட்டுக் கிடக்கிறது.

சைபீரியா, ஸ்காட்லாந்து போன்ற குளிர்ந்த ஊர்களில்தான் பீட் இருக்கும் என்று பலரும் நினைக்கிறார்கள். வெப்ப நாடுகளிலும் உண்டு. இந்தோனேசியாவில் பல மீட்டர் ஆழத்துக்கு இருக்கிறது. ஆப்பிரிக்காவின் காங்கோ ஆற்றுப்படுகையில் மிகப் பெரிய பீட் நிலம் இருப்பது 2017இல்தான் வரைபடத்தோடு வெளியானது. நம்மிடம் நீலகிரியில் உள்ளது. மலைச்சரிவுகளுக்கு இடையே நீர் ஊறும் பள்ளங்களில் படிந்திருக்கிறது.

சென்னைக் கடலோரத்தின் கதை வேறு. இங்கே கொசஸ்தலையாறு வெள்ளக் காலத்தில் வண்டலைக் கொண்டுவந்து கொட்டும். முகத்துவாரம் வழியாகக் கடல் மணலைத் தள்ளும். ஏறி இறங்கும் கடல்நீர் இலைதழையைக் கொஞ்சம் அள்ளிக்கொண்டும் போகும். அதனால் நீலகிரியில் கிடைப்பதுபோல் சுத்தமான பீட்டை இங்கே எதிர்பார்க்கக் கூடாது. செடிப்பொருள் நிறையக் கலந்த கருப்புச் சேறுதான் நம் பங்கு. படிக்கும் முறை இரண்டுக்கும் ஒன்றுதான்.

இன்னொரு தொடர்பும் வடசென்னைக்கு உண்டு. பீட்டின் மேல் மண் படிந்து படிந்து கோடிக்கணக்கான ஆண்டுகள் அழுத்தினால் அது நிலக்கரியாகிவிடும். ஒடிசாவின் தால்சேர் சுரங்கங்களிலிருந்து கப்பலில் எண்ணூர்த் துறைமுகத்துக்கு வந்து இறங்கும் நிலக்கரி, 25 கோடி ஆண்டுகளுக்கும் முந்திய பெர்மியன் காலத்துச் சதுப்புக் காடு. அந்தக் காட்டின் முக்கிய மரமான குளோசாப்டெரிஸின் இலைத்தடங்கள் அதே பாறை அடுக்குகளில் இன்றும் கிடைக்கின்றன. அந்தச் சதுப்பை எரித்த சாம்பல் இந்தச் சதுப்பில் வந்து படிகிறது. அது பற்றிப் பின்னால் பார்ப்போம்.

சேற்றை வெளியே எடுப்பது

தோண்டி எடுத்தால் அடுக்குகள் கலந்துவிடும். அதனால் நீளக் கம்பியின் நுனியில் பொருத்திய அரைக்குழாய் போன்ற கருவியைப் பயன்படுத்துகிறார்கள். வேண்டிய ஆழம் வரை அழுத்தி இறக்கி, அங்கே கைப்பிடியை அரைச்சுற்றுத் திருப்பினால், கருவி பக்கத்துச் சேற்றைச் சீவி உள்ளே பிடித்து மூடிக்கொள்ளும். வெளியே இழுத்துத் திறந்தால் அரை மீட்டர் நீளச் சேற்றுத் துண்டு, அடுக்கு குலையாமல் கிடக்கும். கருவியின் கூர்முனை கீழ் அடுக்கைக் கலைத்துவிடும் என்பதால் அடுத்த அரை மீட்டரைப் பக்கத்தில் இன்னொரு குழியிலிருந்து எடுப்பார்கள். மாற்றி மாற்றி இப்படியே அடி வரை போவார்கள்.

திறந்த உடனே பார்க்க வேண்டியவை உண்டு. கடலோரச் சேறு வெளியே வரும்போது கருப்பாக இருக்கும். காற்றுப்பட்ட கொஞ்ச நேரத்தில் மேற்பரப்பு பழுப்பாக மாறத் தொடங்கும். அதற்குள் போட்டோ எடுத்து, நிறத்தைக் குறித்துவிட வேண்டும். எது மேல், எது கீழ் என்று குழாயில் எழுதுவது சின்ன விஷயமாகத் தெரியும். அது தவறினால் அப்புறம் செய்வதெல்லாம் வீண்.

பிறகு ஒரு பிடி எடுத்துக் கையில் பிழிந்து பார்ப்பார்கள். விரலிடுக்கில் தெளிந்த நீர் மட்டும் வடிந்து, கையில் நாரும் தண்டும் அப்படியே நின்றால், அது அதிகம் மக்காத பீட். அந்த அடுக்கு படிந்தபோது நீர்மட்டம் தரையை ஒட்டியே இருந்திருக்கும். கலங்கிய பழுப்பு நீர் வந்தால் நடுத்தரம். மொத்தமும் கூழாகி விரலிடுக்கு வழியாக வெளியேறிவிட்டால் நன்றாக மக்கிய பீட். நீர் வற்றிக் காற்றுப்பட்ட காலம் இருந்திருக்கலாம். 1 முதல் 10 வரை மதிப்பெண் போடும் இந்தப் பிழிந்து பார்க்கும் முறையை வகுத்தவர் லெனார்ட் வான் போஸ்ட் என்ற சுவீடன் நாட்டு நிலவியலாளர். அவர் பெயர் மறுபடியும் வரும்.

எண்ணூர் மாதிரி இடங்களில் இன்னொரு கவலையும் உண்டு: நண்டு. கண்டல் சேற்றில் நண்டுகள் வளை தோண்டிக்கொண்டே இருக்கும். மேல்மண் வளைக்குள் விழும், கீழ்மண் மேலே வரும். புழுக்களும் அந்த வேலையைச் செய்யும். ஆகவே சேற்றை எடுத்ததும் வளைத்தடம் குறுக்கே போகிறதா என்று பார்ப்பது அவசியம். அடுக்கு கலைந்திருந்தால் நூறு ஆண்டு நுணுக்கத்தில் கதை சொல்ல முயலக் கூடாது. ஆயிரம் ஆண்டுக் கணக்கில் பெரிய மாற்றங்களை மட்டும் பேசலாம்.

விதை, வேர், மகரந்தம்

செடி விட்டுச்செல்லும் தடயங்களில் கண்ணுக்குத் தெரிபவை ஒரு வகை. சேற்றைச் சல்லடையில் மெதுவாகக் கழுவினால் விதை, இலைத் துண்டு, வேர், பட்டை மிஞ்சும். கோரை விதையும் ஆம்பல் விதையும் கடினமான தோல் உள்ளவை, நெடுங்காலம் தாங்கும். இவற்றின் நல்ல குணம், பெரும்பாலும் தூரம் போகாது. ஆம்பல் விதைகள் ஓர் அடுக்கில் நிறையக் கிடைத்தால் அங்கேயோ பக்கத்திலேயோ நன்னீர் நின்றது என்று துணிந்து சொல்லலாம்.

மற்றது மகரந்தம். பூவிலிருந்து பறக்கும் தூளின் ஒவ்வொரு மணியும் ஏறத்தாழ 10 முதல் 100 மைக்ரான் அளவு. ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்குதான் மைக்ரான். உள்ளே இருக்கும் உயிர்ப்பொருள் சீக்கிரம் அழிந்துவிடும். வெளிச்சுவர் மட்டும் ஸ்போரோபொலெனின் என்ற பொருளால் ஆனது. இயற்கை செய்த மிக உறுதியான சேர்மங்களில் அதுவும் ஒன்று. காற்றுப்படாமல் கிடந்தால் லட்சக்கணக்கான ஆண்டுகளுக்கும் நிலைக்கும்.

ஒரு கன சென்டிமீட்டர் சேற்றிலிருந்து மகரந்தத்தைப் பிரிக்கும் முறையைப் பார்த்தால் அந்த உறுதி புரியும். முதலில் ஹைட்ரோகுளோரிக் அமிலம். சுண்ணாம்பும் சிப்பியும் கரைந்துவிடும். அடுத்துச் சூடான பொட்டாசியம் ஹைட்ராக்சைடு. பீட்டின் பழுப்புச் சாறு வெளியேறும். மணலையும் களிமண்ணையும் கரைக்க ஹைட்ரோஃபுளோரிக் அமிலம். இது கண்ணாடியையே அரிக்கும், தோலில் பட்டால் உள்ளே இறங்கி எலும்பு வரை பாதிக்கும். தகுந்த ஆய்வகத்தில், பயிற்சி உள்ளவர்கள் மட்டுமே தொட வேண்டிய பொருள். கடைசியில் அசெட்டிக் அன்ஹைட்ரைடு ஒன்பது பங்கு, கந்தக அமிலம் ஒரு பங்கு கலந்து சூடாக்கினால் மிச்சமிருக்கும் செல்லுலோஸும் போய்விடும். இத்தனை தாக்குதலுக்கும் பிறகு குழாயின் அடியில் ஒரு துளி கசடு நிற்கும். அதில் மகரந்தம் அழியாமல் இருக்கும்.

நுண்ணோக்கியில் ஒவ்வொன்றின் முகமும் வேறு. புல்லின் மகரந்தம் உருண்டையாக, ஒரே ஒரு துளையோடு இருக்கும். துளையைச் சுற்றி ஒரு வளையம். உமரிக் குடும்பத்து மகரந்தமும் உருண்டைதான், ஆனால் மேற்பரப்பு முழுக்கச் சீரான குழிகள். கோரையுடையது ஒரு பக்கம் பருத்து ஒரு பக்கம் குறுகியிருக்கும். கண்டல் மரங்களில் ஒன்றான சுரபுன்னையுடையது சிறியது, மூன்று பிளவுகள் கொண்டது. ஒரு மாதிரியில் 300 மணிகளுக்கு மேல் எண்ணி, எது எத்தனை சதவீதம் என்று கணக்கிட்டு, ஆழத்துக்கு எதிராக வரைவார்கள். இப்படிப்பட்ட வரைபடங்களை 1916இல் முதன்முதலில் முன்வைத்தவரும் அதே வான் போஸ்ட்தான்.

இந்த எண்ணிக்கையை அப்படியே நம்பினால் ஏமாந்துவிடுவோம். சுரபுன்னையின் மகரந்தம் காற்றில் பரவுவது. மரம் அதை ஏராளமாகக் கொட்டும், வெகு தூரம் போகும். இன்னொரு கண்டல் மரமான வெண்கண்டலின் பூவுக்குப் பூச்சிகள்தான் வந்து போகின்றன. அது கொஞ்சமாகத்தான் மகரந்தம் செய்யும், சேற்றில் விழுவது அதிலும் சொற்பம். எண்ணூரிலும் பழவேற்காட்டிலும் இன்று மிகுதியாக நிற்பது வெண்கண்டல். ஒரு பழைய அடுக்கில் வெண்கண்டல் மகரந்தம் 2 சதவீதம், சுரபுன்னை 20 சதவீதம் என்று வந்தால், சுரபுன்னை பத்து மடங்கு இருந்தது என்று சொல்லிவிட முடியாது. வெண்கண்டல் காட்டின் நடுவிலேயே இன்றைய மேல்மண்ணை எடுத்துச் சோதித்து, அங்கே அதன் மகரந்தம் எத்தனை சதவீதம் விழுகிறது என்று தெரிந்துகொண்டால்தான் அந்த 2 சதவீதத்துக்கு அர்த்தம் கிடைக்கும். அதே அடுக்கில் வெண்கண்டலின் சுவாச வேர்கள், சேற்றிலிருந்து மேல்நோக்கி முளைக்கும் அந்த வேர்கள், செங்குத்தாகவே நின்றால் கேள்விக்கே இடமில்லை. மரம் அங்கேயே நின்றிருக்கிறது.

வந்தேறிச் செடிகளின் மகரந்தம் காலம் சொல்லவும் உதவும். சவுக்கு இந்தக் கடற்கரையில் பெருமளவில் நடப்பட்டது 19ஆம் நூற்றாண்டில், விறகுக்காக. சீமைக் கருவேலமும் அதே நூற்றாண்டில்தான் இந்தியாவுக்குள் கொண்டுவரப்பட்டது. சவுக்கு காற்றில் மகரந்தம் பரப்பும் மரம். ஓர் அடுக்கிலிருந்து மேல்நோக்கி அதன் மகரந்தம் தொடர்ச்சியாக வருகிறதென்றால், அந்த அடுக்கு இருநூறு ஆண்டுகளுக்கு உட்பட்டது என்று ஆய்வகத்துக்கு அனுப்பும் முன்பே ஊகிக்கலாம்.

வேதியியல் சொல்வது

கண்ணுக்கும் நுண்ணோக்கிக்கும் எதுவும் சிக்காத அடுக்கிலும் வேதித் தடயம் இருக்கும். இலைகளின் மேல் பளபளக்கும் மெழுகை எடுத்துக்கொள்வோம். அதில் ஆல்கேன் எனும் நீளமான கார்பன் சங்கிலிகள் உள்ளன. தரைச் செடிகளின் மெழுகில் 27, 29, 31 கார்பன் கொண்ட சங்கிலிகள் மிகுதி. நீருக்குள் மூழ்கி வளரும் செடிகளில் 23, 25 அதிகம். பாசிகளில் 17. சேற்றைக் கரைப்பான்களில் ஊறவைத்து, பிரித்து, எந்தச் சங்கிலி எவ்வளவு என்று அளந்தால், மரமும் புல்லும் நின்ற இடமா, நீர்ச்செடி நிறைந்த குட்டையா என்று ஒரு திசை தெரியும். மேலே சொன்ன எண்கள் எல்லாமே ஒற்றைப்படை. உயிருள்ள செடி மெழுகு செய்யும் முறை அப்படி. பெட்ரோலிய எண்ணெயில் இந்த ஒற்றை-இரட்டை வேறுபாடு அநேகமாக இருக்காது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய் கலந்து எண்ணூர்க் கழிமுகம் முழுக்கப் பரவியபோது வெண்கண்டலின் அடிமரத்திலும் சுவாச வேர்களிலும் அப்பிய அந்தக் கருப்புப் படலத்தையும், அதே மரத்தின் இலை மெழுகையும் சேற்றுக்குள் வேறுபடுத்திக் காட்டுவது இந்தக் கணக்குதான்.

சுரபுன்னை இனங்களின் இலையில் டாராக்செரால் என்றொரு சேர்மம் மிகுதியாக இருக்கும். வேறு சில செடிகளிலும் அது உண்டு. ஆனாலும் கடலோரச் சேற்றில் சுரபுன்னை மகரந்தமும் டாராக்செராலும் சேர்ந்து ஏறினால், இரண்டு தனித்தனி வழிகள் ஒரே இடத்தில் வந்து சேர்கின்றன என்று பொருள். இது எனக்கு மிகவும் பிடித்த பகுதி. ஒன்று காற்றில் வந்தது, மற்றது இலையோடு விழுந்தது. இரண்டும் ஒரே பேச்சைப் பேசினால் நம்பலாம்.

கார்பனுக்கும் நைட்ரஜனுக்கும் உள்ள விகிதம் இன்னொரு எளிய அளவு. பாசியில் புரதம் அதிகம், அதனால் விகிதம் பெரும்பாலும் 10க்குக் கீழே இருக்கும். தரைச் செடிகளில் செல்லுலோஸும் லிக்னினும் அதிகம், 20ஐத் தாண்டும்.

அடுத்தது கந்தகம். அழுகிய முட்டை நாற்றத்துக்குக் காரணம் இதுதான். ஒரு லிட்டர் கடல்நீரில் ஏறத்தாழ 2.7 கிராம் சல்பேட் உண்டு. ஆற்று நீரில் அதோடு ஒப்பிட்டால் மிகவும் குறைவு. ஆக்சிஜன் இல்லாத சேற்றில் சில பாக்டீரியாக்கள் அந்தச் சல்பேட்டைக் கொண்டு வாழ்கின்றன. ஹைட்ரஜன் சல்ஃபைடு வாயுவை வெளிவிடுகின்றன. மண்ணிலுள்ள இரும்போடு அது சேர்ந்து கருப்பு இரும்பு சல்ஃபைடாகி, பிறகு பைரைட் ஆகிறது. சேற்றின் கருப்புக்கு இது பெரிய காரணம். காற்றுப்பட்டதும் பழுப்பாவதும் இதனால்தான். ஆகவே கந்தகம் மிகுந்த அடுக்கு என்றால் கடல்நீர் வந்துபோன இடம் என்பது முதல் ஊகம். ஊகம்தான். பின்னொரு காலத்தில் கடல்நீர் மேலிருந்து கசிந்து இறங்கி, நன்னீரில் உருவான பழைய பீட்டுக்குள்ளும் கந்தகத்தைச் சேர்த்திருக்கலாம். டயட்டம் எனும் நுண்பாசிகளின் சிலிக்கா ஓடுகளைப் பார்த்தால் சந்தேகம் தீரும். நன்னீர் இனங்கள் வேறு, உப்புநீர் இனங்கள் வேறு.

ஒரே எண், இரண்டு அர்த்தம்

கார்பன் ஐசோடோப்பு, அதாவது எடை மட்டும் மாறுபட்ட கார்பன் அணுக்கள், பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். இயற்கையில் உள்ள கார்பனில் ஏறத்தாழ 1.1 சதவீதம் சற்றே கனமான கார்பன்-13. ஒளிச்சேர்க்கை செய்யும்போது செடிகள் கனமானதைக் கொஞ்சம் ஒதுக்கும். எவ்வளவு ஒதுக்குகிறது என்பது செடியின் வழிமுறையைப் பொறுத்தது. நெல், வேம்பு, கண்டல் மரங்கள் முதலியவை சி-3 வகை. சர்வதேசத் தரப்பொருளோடு ஒப்பிட்டால் இவற்றில் கார்பன்-13 ஆயிரத்துக்குச் சுமார் 27 பங்கு குறைவாக இருக்கும். கரும்பு, சோளம், கேழ்வரகு, வெப்பப்பகுதிப் புற்கள் பல சி-4 வகை. இவற்றில் ஆயிரத்துக்குச் சுமார் 12 அல்லது 13 பங்குதான் குறைவு. வறட்சியைச் சி-4 புற்கள் நன்றாகத் தாங்கும். செடி பீட்டாகிப் பல ஆயிரம் ஆண்டுகள் ஆனாலும் இந்த எண் பெரிதாக மாறாது.

இதை வைத்து நீலகிரி பீட்டில் சூழலியலாளர் ஆர். சுகுமாரும் உடன் ஆய்வாளர்களும் செய்து 1993இல் வெளியிட்ட ஆய்வு, தென்னிந்தியப் பருவமழையின் பழைய வரலாற்றைப் பற்றிய முக்கியமான பணி. கடைசிப் பனியுகத்தின் உச்சத்தில், ஏறத்தாழ 18,000 முதல் 20,000 ஆண்டுகளுக்கு முன், எண்கள் சி-4 பக்கம் சாய்ந்தன: வறண்ட காலம், புல் பரவியிருந்தது. பனியுகம் முடிந்து இன்றைய வெதுவெதுப்பான காலம் தொடங்கியபோது சி-3 பக்கம் திரும்பின: மழை வலுத்தது. சோலைக்காடும் புல்வெளியும் மாறி மாறி நிற்கும் மலையில் இந்தக் கணக்கு அழகாகப் பொருந்துகிறது.

அதே கணக்கை எண்ணூருக்கு அப்படியே கொண்டுவர முடியாது. இங்கே ஓர் அடுக்கில் எண் சி-4 பக்கம் சாய்ந்தால் மழை குறைந்தது என்று அர்த்தமா? கோரையிலேயே சி-4 இனங்கள் உண்டு, அவை ஈரத்தில் வளர்பவை. உப்புத்தரைப் புற்களில் சி-4 உண்டு. கடற்புல்லும் நீரில் மூழ்கிய சில செடிகளும் நீரில் கரைந்த பைகார்பனேட்டை எடுத்துக்கொள்வதால், சி-3 ஆக இருந்தும் சி-4 போன்ற எண்ணைக் காட்டும். ஆக ஊட்டியில் "வறட்சி" என்று பேசும் எண், எண்ணூரில் "கடல்நீர் உள்ளே வந்தது" என்றோ "குட்டையில் நீர்ச்செடி மண்டியது" என்றோ பேசலாம். எது என்று முடிவு செய்ய மகரந்தமும் மெழுகும் கந்தகமும் வேண்டும். அதோடு, இன்று எண்ணூரில் உமரித்தரையிலும் கண்டல் அடியிலும் உப்பள ஓரத்திலும் கோரைப் பள்ளத்திலும் மேல்மண்ணை எடுத்து, ஒவ்வொன்றின் எண்ணும் என்ன என்று அளந்து வைத்திருக்க வேண்டும். ஊட்டியிலிருந்து கடன் வாங்கிய அகராதியால் எண்ணூர்ச் சேற்றைப் படிக்க முடியாது.

எத்தனை ஆண்டு?

வயது கண்டுபிடிக்கப் பெரும்பாலும் கார்பன்-14. வில்லார்ட் லிபியும் சகாக்களும் 1940களின் இறுதியில் உருவாக்கிய முறை. 1960இல் அதற்காக லிபிக்கு நோபல் பரிசு கிடைத்தது. உயிர் போனதும் உடலிலுள்ள கார்பன்-14 குறையத் தொடங்கும். 5,730 ஆண்டுகளில் பாதியாகும். சுமார் 50,000 ஆண்டுகள் வரை அளக்கலாம்.

எதை அளக்கிறோம் என்பதில்தான் சூட்சுமம். சிப்பியை அளந்தால் உண்மை வயதைவிடச் சில நூறு ஆண்டுகள் கூடுதலாகக் காட்டும், கடல்நீரில் பழைய கார்பன் கலந்திருப்பதால். வேரை அளந்தால் குறைவாகக் காட்டும், மேலிருந்து பிற்காலத்தில் கீழே இறங்கிய வேராக இருக்கலாம். அதனால் தரையில் விழுந்த விதை அல்லது இலைத்துண்டுதான் நல்ல தேர்வு. கடந்த நூற்றைம்பது ஆண்டுகளுக்குக் கார்பன்-14 அவ்வளவாக உதவாது. அரை ஆயுட்காலம் சுமார் 22 ஆண்டுகள் உள்ள ஈயம்-210 அதற்குப் பொருத்தம். அணுகுண்டுச் சோதனைகளால் உலகமெங்கும் விழுந்து 1963இல் உச்சம் தொட்ட சீசியம்-137 ஒரு நல்ல அடையாளக்கோடு.

எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்தால்

ஒரு கற்பனைச் சேற்றுத்துண்டை வைத்து யோசிப்போம். நீளம் 3 மீட்டர். அடியில் சிப்பியோடு மணல். அதற்கு மேல் கருப்புச் சேறு: கந்தகம் அதிகம், சுரபுன்னை மகரந்தம், டாராக்செரால், நிற்கும் சுவாச வேர்கள். அதற்கும் மேல் நார் மிகுந்த பழுப்பு அடுக்கு: கந்தகம் குறைவு, கோரை விதை, ஆம்பல் விதை, 23 கார்பன் மெழுகு. உச்சியில் சாம்பல் நிறக் களிமண், உமரிக் குடும்ப மகரந்தம்.

பனியுகத்தின் உச்சத்தில் கடல்மட்டம் இன்றைவிட ஏறத்தாழ 120 மீட்டர் கீழே இருந்தது. அப்போது கரை இன்றைய கரையிலிருந்து வெகு கிழக்கே. பனி உருக உருக ஏறி வந்த கடல், ஏறத்தாழ 7,000 முதல் 6,000 ஆண்டுகளுக்கு முன் இன்றைய மட்டத்தை நெருங்கியது. இதை நினைவில் வைத்துக்கொண்டு நம் துண்டைப் பார்த்தால், மணல் கடலோரம். கருப்புச் சேறு, கடல்நீர் தினமும் வந்துபோன கண்டல் காடு. பழுப்பு அடுக்கில் கடல் விலகியதா, அல்லது முகத்துவாரத்தை மணல்திட்டு அடைத்து உள்ளே மழைநீர் தேங்கியதா? இரண்டும் சேற்றில் ஒரே தடயத்தை விடும். பக்கத்தில் நான்கைந்து இடங்களில் துண்டு எடுத்துப் பார்த்தால்தான் பிரித்துச் சொல்ல முடியும். எல்லா இடத்திலும் ஒரே காலத்தில் மாறியிருந்தால் கடல்மட்டம். ஓரிடத்தில் மட்டும் என்றால் மணல்திட்டு. எண்ணூர் முகத்துவாரத்தில் மணல் அடைப்பதும் தூர்வாருவதும் மீனவர்களுக்கு வழக்கமான கவலை. அந்த அனுபவம் உள்ள ஒருவர் பக்கத்தில் இருந்தால் இரண்டாவது விளக்கத்தை ஆய்வாளர் மறக்க மாட்டார்.

உச்சியிலுள்ள அடுக்குக்கு மனிதர்களையும் கணக்கில் எடுக்க வேண்டும். சென்னையையும் எண்ணூரையும் இணைத்து 1806இல் கால்வாய் வெட்டினார்கள். பிறகு அது நீண்டு பக்கிங்காம் கால்வாய் ஆனது. உப்பளங்கள் வந்தன. நீரோட்டம் மாறினால் உப்பு மாறும், உப்பு மாறினால் செடி மாறும். மழையைக் குற்றம் சொல்வதற்கு முன் மண்வெட்டியை நினைக்க வேண்டும்.

எண்ணூர் அனல் மின் நிலையம் 1970இல் மின்சாரம் தயாரிக்கத் தொடங்கி 2017இல் மூடப்பட்டது; வடசென்னை அனல் மின் நிலையம் 1990களில் வந்தது. பொடித்த நிலக்கரி உலையில் எரியும்போது அதிலுள்ள தாதுக்கள் உருகி, காற்றிலேயே குளிர்ந்து, சில மைக்ரான் அளவுள்ள வழுவழுப்பான கண்ணாடி உருண்டைகளாகின்றன. இப்படிப்பட்ட உருண்டைகள் சேற்றில் இயற்கையாக உருவாவதில்லை. மகரந்தம் எண்ணும் அதே நுண்ணோக்கியில் அவை தெரியும். இந்தக் கழிமுகத்தில் உருண்டைகள் திடீரென்று மிகும் ஆழத்தை 1970க்குப் பிந்தியது என்று எடுத்துக்கொண்டு, சீசியம் கோட்டோடு ஒப்பிட்டுச் சரிபார்க்கலாம். நிலக்கரி அதற்கு முன்பே பேசின் பிரிட்ஜ் மின் நிலையத்திலும் ரயில் எஞ்சின்களிலும் எரிந்தது என்பதால், முதல் ஒன்றிரண்டு உருண்டைகளை வைத்து ஆண்டு சொல்லக் கூடாது.

வருத்தமான விஷயம் ஒன்றைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. சதுப்பை மண் கொட்டி மூடினால் பழைய சேறு அடியில் அழியாமல்தானே இருக்கும் என்று கேட்பவர்கள் உண்டு. ஓரளவுக்குத்தான். பக்கத்தில் வெட்டி நீரை வடித்தால் காற்று உள்ளே போகும்; பைரைட் கந்தக அமிலமாக மாறும், அமிலம் சிப்பிகளைக் கரைக்கும், மகரந்தச் சுவர்கூட ஆக்சிஜனில் மெல்லச் சிதையும். அதைவிடப் பெரிய இழப்பு மேலே. வெண்கண்டல் நின்ற இடத்தில், உமரித்தரையில், கோரைப் பள்ளத்தில் இன்று என்ன தடயம் விழுகிறது என்று ஒப்பிட உயிருள்ள இடமே இல்லாமல் போனால், அடியில் பத்திரமாகக் கிடக்கும் சேற்றையும் படிக்கத் தெரியாதவர்களாகிவிடுவோம். எண்ணூரில் இந்த இடங்கள் ஒவ்வொன்றாகச் சாம்பலுக்கும் கட்டடத்துக்கும் அடியில் போய்க்கொண்டிருக்கின்றன.

கல்லூரியில் தாவரவியல், வேதியியல், புவியியல் படிக்கிற யாரும், ஒப்பிட உதவும் இன்றைய தடயங்களைச் சேர்த்து வைக்கும் வேலையின் முதல் படியை இன்றே தொடங்கலாம். ஆபத்தான அமிலம் எதுவும் தேவையில்லை. பூக்கும் காலத்தில் வெண்கண்டல், உமரி, கோரை, சம்பு, சவுக்கு, சீமைக் கருவேலம் ஆகியவற்றின் பூக்களைத் தனித்தனிக் காகித உறையில் எடுத்து நிழலில் உலர்த்துங்கள். மகரந்தப்பையைக் கண்ணாடித் தகட்டில் தட்டினால் தூள் விழும். ஒரு சொட்டு ஆல்கஹால் விட்டுப் பிசுபிசுப்பைத் துடைத்து, சாஃப்ரானின் சாயம் கலந்த கிளிசரின் ஜெல்லியை மேலே வைத்து, மெதுவாகச் சூடுகாட்டி, மூடுதகட்டால் மூடுங்கள். 400 மடங்கு பெரிதாக்கும் கல்லூரி நுண்ணோக்கி போதும். துளைகளும் குழிகளும் தெளிவாகத் தெரியும். தகட்டின் ஓரத்தில் செடியின் பெயர், எடுத்த இடம், தேதி மூன்றையும் எழுதுங்கள். அந்தச் செடியின் அடியிலிருந்து ஒரு தேக்கரண்டி மேல்மண்ணையும் சிறு டப்பாவில் போட்டு, அதே மூன்று விவரங்களோடு குளிர்சாதனப் பெட்டியில் வையுங்கள்.